றேடியோவைக் கொஞ்சம் குறையுங்கோ

விடிய ஐந்தரை.
வானொலி நிலையம் எழும்ப முன்னமே
என் ஓட்டோ நாற்பத்தோராவது.
முன்னால் நிமலனின் பச்சை ஓட்டோ,
பின்னால் தட்டாதெருச் சந்தி தாண்டியும் வால்.
செற்றின் வாசலில் கயிறு கட்டிக் கிடந்தது.

முதலில் நற்சிந்தனை, நாலு நிமிசம்.
ஒருவர் பொறுமையைப் பற்றிப் பேசினார்.
எங்களைப் பார்த்துக்கொண்டே
பதிவுசெய்த மாதிரி இருந்தது.
நிமலன் கொட்டாவி விட்டு
மதிலோரம் போய் வந்தான்.

பிறகு மரண அறிவித்தல்.
கரவெட்டியைப் பிறப்பிடமாகவும்
ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட...
எனக்கும் ஒன்று எழுதிப் பார்த்தேன்:
கோண்டாவிலைப் பிறப்பிடமாகவும்
பெற்றோல் வரிசையை வதிவிடமாகவும்.
வாய்விட்டுச் சொன்னபோது
பின் ஓட்டோக்காரர் சிரிக்கவில்லை.

காங்கேசன்துறையிலிருந்து மன்னார் ஊடாக
கடல் இடைக்கிடை கொந்தளிப்பாகக் காணப்படுமாம்.
தம்புள்ளையில் கரட் விலை ஏறிவிட்டதாம்.
அதன்பிறகு மாணவருக்கான கணிதம்:
ஒரு குழாய் ஒரு தாங்கியை
ஆறு மணித்தியாலத்தில் நிரப்பும் எனின்,
ஐந்து குழாய்கள்?
தாங்கியைப் பற்றி எங்களிடமா கேட்பது!
வரிசை முழுக்க விடை கத்தினோம்,
ஆளுக்கொரு விடை.
சரியானதை நாளைக்குச் சொல்வதாக
ஆசிரியர் விடைபெற்றார்.

பத்து மணிக்கு வைத்தியர்
தினமும் கொஞ்சம் நடக்கச் சொன்னார்.
எஞ்சின் போடாமல்
தோளைக் கொடுத்து
மூன்று ஓட்டோ நீளம் தள்ளினோம்.

மத்தியானச் செய்தியில்
கப்பல் வந்துகொண்டிருந்தது.

மூன்றரைக்கு நேயர் நேரம்.
இன்றைய தலைப்பு:
உங்களால் மறக்க முடியாத பயணம்.
இந்த வரிசையிலா என்று
யாரோ ஓர் ஆள் தூஷணம் சேர்த்துக் கேட்டார்.
அறிவிப்பாளர் வணக்கம் சொல்லி
பெயர் என்ன, எங்கேயிருந்து என்றார்.
புவனலோஜினி, யாழ்ப்பாணம்.
குரல் இரண்டு தரம் கேட்டது.
ஒன்று றேடியோவில்.
மற்றது
ஆறு ஓட்டோவுக்கு முன்னால்
நீலக்குடை பிடித்து
ஸ்கூட்டியில் சாய்ந்து நின்றவளிடமிருந்து.

"உங்கட றேடியோவைக் கொஞ்சம் குறையுங்கோ,
எதிரொலிக்குது."
"என்னட்ட றேடியோ இல்லை" என்றாள்.
இல்லை, இல்லை, இல்லை என்று
அரை மூச்சுப் பிந்தி
எங்கள் ஓட்டோக்கள் எல்லாம் சொல்லின.

அவள் திரும்பிப் பார்த்தாள்.
முன்னாலிருந்து ஒவ்வொன்றாக அடங்கின.
நிமலன் குறைத்தான், நான் குறைத்தேன்,
பின்னால் சந்திவரை
திருகிகள் திரும்பிக்கொண்டே போயின.
காகம் கேட்டது.
காற்றடிக்கும் கடையின் இரைச்சல் கேட்டது.
ஒரு குழந்தை இருமிற்று.

அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினாள்.
இலங்கை முழுக்கக் கேட்டிருக்கும்,
எங்களுக்குக் கேட்கவில்லை.
ஒருதரம் சிரித்தாள்.
குடை தோளிலிருந்து வழுக்க
அதை நிமிர்த்தாமலே நின்றாள்.
பிறகு நெடுநேரம் பேசாமல்
போனைக் காதில் வைத்தபடி இருந்தாள்.
அந்த நேரம் அங்காலே
அறிவிப்பாளரும் பேசாமல் இருந்தாரோ என்னவோ.

"முடிஞ்சுது" என்றாள் எங்களைப் பார்த்து.
"போடுங்கோ."
போட்டோம்.
ஹற்றனிலிருந்து ஒருவர்
தன் ரயில் பயணத்தைத் தொடங்கியிருந்தார்.

அவளிடம் கேட்க
எனக்கு ஏலவில்லை.
நிமலன் போத்தல் தண்ணீரோடு போனான்.
வெறும் போத்தலோடு வந்தான்.
"சொல்லமாட்டாவாம்.
ஞாயிறு காலமை ஆறரைக்கு
மறுஒலிபரப்பு இருக்காம்."

பாராளுமன்றம் கத்தி ஓய்ந்தது.
நாடகத்தில் ஒரு மருமகள் மன்னிக்கப்பட்டாள்.
இருபத்தேழாவது ஓட்டோவோடு
பெற்றோல் முடிந்தது.
ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு அவள்
நாவலர் வீதிப் பக்கம் திரும்பிவிட்டாள்.

பற்றரி தேய்ந்து
அறிவிப்பாளரின் குரல் கம்மத் தொடங்கிற்று.
ஒன்பது மணிச் செய்திகள்.
நாட்டை நோக்கி ஒரு கப்பல் என்று
ஆரம்பிக்கும்போதே நிறுத்தினேன்.
இன்றைக்குப் புதன்.
மிச்சம் இருக்கிற பற்றரி
ஞாயிறுக்கு வேணும்.